மறு: இயக்க வரைபடங்களில் ‘சாய்வு’ சரியான சொல்தானா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அறிமுக இயற்பியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்லோப்’ (வரைபடக் கோடு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் காட்டும் எண்) வரும் இடங்களில் வழக்கப்படி ‘சாய்வு’ என்று எழுதியிருந்தேன். மாதிரிப் பக்கத்தை வகுப்பில் கொடுத்தபோது சிக்கல் தெரிந்தது. ஒரே இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தில் சுழியிலிருந்து கிளம்பும் இரண்டு நேர்க்கோடுகள். 4 வினாடியில் ஒன்று 12 மீட்டரைத் தொடுகிறது, மற்றது 4 மீட்டரை. எதற்குச் சாய்வு அதிகம் என்று கேட்டால் பலரும் இரண்டாவதைக் காட்டுகிறார்கள். அதுதான் நன்றாகச் சாய்ந்து கிடக்கிறதாம். வினாடிக்கு 1 மீட்டர் போவது 3 மீட்டர் போவதை முந்திவிட்டது! பிள்ளைகள் தமிழைச் சரியாகவே படித்திருக்கிறார்கள். நாற்காலியில் சாய்வு கூடினால் முதுகுப்பலகை படுக்கத்தானே செய்யும்? மாற்றுச்சொல் தாருங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, மாணவர்கள் பக்கமே நியாயம். ‘சாய்’ என்பதற்கு வளைதல், தளர்தல், மெலிதல் என்றே பொருள் விரிகிறது. கோரைப் புல்லுக்கும் ‘சாய்’ என்று பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் வரும் ‘பைஞ்சாய்ப் பாவை’ கோரையால் செய்த பொம்மை. காற்றில் சாய்வதால் புல்லுக்கு அப்பெயர் வந்ததா, புல்லைக் கண்டு வினை பிறந்ததா என்பதைத் தனி இழையில் பேசலாம். எப்படியாயினும் நிமிர்ந்த கோட்டுக்கு இது ஒவ்வாது. ‘சரிவு’ இன்னும் மோசம், அது இறங்க மட்டுமே செய்யும். ‘நிமிர்வு’ என்று வையுங்கள். தூய தமிழ், விளக்கமும் வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

அம்மா, ‘நிமிர்வு’ காதுக்கு இனிமைதான்; ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. நேர அச்சில் 1 வினாடிக்கு 1 சென்டிமீட்டர் எடுத்த கோட்டை, 1 வினாடிக்கு 3 சென்டிமீட்டர் என்று மாற்றி வரைந்து பாருங்கள். கோடு படுத்துவிடும். வேகமோ வினாடிக்கு அதே 3 மீட்டர்தான். கோணத்தைப் பார்த்து, 45 பாகை என்றால் வினாடிக்கு 1 மீட்டர் என்று எழுதும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் திருத்துகிறேன். நமக்கு வேண்டியது ஏறிய அளவை நேரத்தால் வகுத்து வரும் எண். அதற்கு அலகும் உண்டு. இடப்பெயர்ச்சி–நேரக் கோட்டில் அது திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்), திசைவேக–நேரக் கோட்டில் முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்). ஆகவே ‘ஏற்றவீதம்’ என்பேன். இறங்கும் கோட்டுக்கு எதிர்க்குறி போட்டால் போதும்.

இலங்கை அன்பர் எழுதியது:

எங்கள் பாடநூல்களில் இதற்குப் ‘படித்திறன்’ என்ற சொல் நெடுநாளாக இருக்கிறது. புதிதாக ஏன் தேட வேண்டும்? நீங்கள் வேகம், திசைவேகம் என்பவற்றை நாங்கள் கதி, வேகம் என்கிறோம். உங்கள் முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். வேகம் குறைந்தால் அமர்முடுகல். ‘எதிர் முடுக்கம்’ என்று ஒட்டுப்போடத் தேவையில்லை.

தமிழாசிரியர் எழுதியது:

அமர்முடுகல்! எவ்வளவு அழகு. முடுகு யாப்பிலும் உண்டு. தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களில் (செய்யுள் ஓசை வகைகளில்) உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் கடைசி இரண்டு. ஓசையின் விரைவை அளந்தவர்கள் விட்டுச்சென்ற சொல் பொருளின் விரைவு மாற்றத்துக்கு வந்து பொருந்துகிறது. ‘முடுக்கம்’ பிறவினையிலிருந்து வந்தது, பிறர் முடுக்குவது. ‘முடுகல்’ தன்வினை. தானே விழும் கல்லுக்கு எது பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

கல் தானே விழுவதில்லை, புவி இழுக்கிறது, பிறவினையே பொருத்தம். படித்திறனுக்கு வருகிறேன். தமிழ்நாட்டு மாணவருக்குத் ‘திறன்’ என்றால் வாட் கணக்கில் அளப்பது, நீங்கள் ‘வலு’ என்பது. கோட்டுக்கு ஏது திறன் என்று முதல் வரிசையிலிருந்தே கேள்வி வரும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தேர்வுத்தாளில் ‘சாய்வு’ என்றுதான் வரும் என்று தனிமடலில் நால்வர் எழுதிவிட்டார்கள். அதையே வைக்கிறேன். முதல் இடத்தில் ‘நிலைக்குத்து மாற்றத்தைக் கிடைமட்ட மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்வு, கோடு எவ்வளவு படுத்திருக்கிறது என்பதன்று’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். சொல்லடைவில் படித்திறனும் இடம்பெறும்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு முறையும் ‘அதுவன்று’ என்று விளக்க வேண்டிய சொல்லைப் பாடநூலில் நிலைக்க விடுவது மாணவருக்குச் சுமை. என் வகுப்பில் ‘ஏற்றவீதம்’ என்றே நடத்துவேன். தேர்வுக்கு முந்தைய வாரம் ‘சாய்வு’ என்று எழுதச் சொல்வேன். அடுத்த பதிப்புக்கு இதே இழையில் மீண்டும் எழுதுகிறேன்.