கொலுசுச் சத்தம் கேட்டு அம்மாயி நிமிர்ந்தார்

செவ்வாய்ப்பேட்டைப் பேத்தி:

காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டில் எங்கள் ஐந்து பேர் குழுவுக்குக் கிடைத்த வேலை, இல்லாத ஒரு நெடுந்தொடருக்கு ஒன்றரை நிமிட முன்னோட்டம் எடுப்பது. நெடுந்தொடருக்கென்று உள்ள வழக்கங்களில் எதைப் பின்பற்றினோம், எதை மீறினோம், ஏன் மீறினோம் என்று எழுதியும் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மீறிவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்தோம். மாமியார் கிடையாது. கல்யாண மண்டபம் கிடையாது. அதிர்ந்த முகத்தை மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டுவது கிடையாது. பின்னணி இசையும் கிடையாது. எங்கள் சேலத்து வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்யும் ஒரு பெண், அவளுடைய ஒரு நாள். ஒளிப்பதிவு மிக அழகாக வந்திருந்தது. இப்போதும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மாவின் அம்மாவான என் அம்மாயியிடம் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அம்மாயி நாற்பது வருடம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை மாட்டியவர். மாலை விளக்கு வைத்ததிலிருந்து தூங்கும்வரை தொடர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. முழுவதும் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது கண்ணு. எந்தக் கடைக்கு விளம்பரம்?" என்றார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாயி தொடர் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அவர் பார்க்கவே இல்லை. இடது கையில் கொலுசு, வலது கையில் சின்னக் குறடு. வளையத்தில் சலங்கையைக் கோத்து நெருக்குகிறார். கண் முழுக்க அதில்தான். காது மட்டும் தொலைக்காட்சியில் இருக்கிறது. இசை 'டங்' என்று இறங்கும்போது மட்டும் தலை நிமிர்கிறது, மூன்று முகங்கள் வருகின்றன, மறுபடி தலை குனிகிறது.

எங்கள் ஆசிரியர் வகுப்பில் சொன்னது அப்போதுதான் விளங்கியது. 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் வந்த குடும்பக் கதைகளுக்குச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்தன. சோப்பு நாடகம் என்ற பெயர் வந்தது அதனால். கேட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்கு நடுவே கேட்ட பெண்கள். ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பேசுவது, நடந்ததையே மறுபடி சொல்வது, இசையால் தட்டி எழுப்புவது எல்லாம் கை ஓயாதவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். பழசு என்று நாங்கள் தூக்கி எறிந்தது அம்மாயி பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை.

திரும்ப எடுத்தோம். இந்த முறை மாமியார் இருந்தார், மூன்று முகங்கள் இருந்தன, இசையும் இருந்தது. தொடக்கத்தில் திரை முழு இருட்டு. கொலுசுச் சத்தம் மட்டும், மெதுவாக, காலடி வைப்பதுபோல. புது மருமகள் படியேறுகிறாள் என்றுதான் தொடர் பார்க்கிற யாரும் நினைப்பார்கள். வெளிச்சம் வந்தால் கால் இல்லை. ஒரு பெண்ணின் உள்ளங்கையில் வேலை முடிந்த கொலுசுகள், குலுக்கிப் பார்க்கிறாள். "ஒரு ஜோடி குறைகிறது" என்கிறது ஒரு குரல். மருமகளின் முகம், கணவனின் முகம், கணக்குப் பார்ப்பவரின் முகம். இசை ஏறுகிறது. எல்லாரும் மருமகளைப் பார்க்கிறார்கள். இசை 'டங்' என்று இறங்க வேண்டிய இடத்தில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தினோம். பட்டறைச் சுத்தியல்கூட ஓய்ந்துவிடுகிறது. மாமியார் சொல்கிறார்: "நான்தான் எடுத்தேன்."

கொலுசுச் சத்தத்துக்கே அம்மாயி நிமிர்ந்துவிட்டார். சத்தம் நின்றபோது குறடும் நின்றது. "அவள் எதற்குக் கண்ணு எடுத்தாள்?" என்று கேட்டார்.

மலையடிவாரத்துக்காரன்:

எங்கள் குழு எடுத்த முன்னோட்டம் வேறு கதை. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏற்காட்டுக்கு ஏறுகிற சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தொடரில் மலைப்பாதையில் கார் ஏறினால் பிரேக் பிடிக்காது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதைத்தான் மீறினோம். கார் ஏறுகிறது, எதிரே லாரி விளக்கு, பனி, கதாநாயகியின் கண், பிரேக்கை மிதிக்கும் கால். அடுத்த காட்சியில் அவள் ஏரிக்கரையில் இறங்கிக் கொய்யாப்பழம் வாங்குகிறாள். வகுப்பில் பலத்த கைதட்டல்.

படப்பிடிப்புக்கு இடம் கொடுத்த காப்பித் தோட்டத்தில், வேலை முடிந்த நேரத்தில், தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. வயதான காவலாளி ஒருவர், "பயம் காட்டினீர்கள் தம்பி, அப்புறம் ஒன்றும் கொடுக்கவில்லையே" என்றார். அந்தப் பாதையில் தினமும் போய் வருகிறவர்களுக்கு விபத்து ஒரு கதை உத்தி அல்ல என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. மேலே உள்ள பதிவில் மாமியார் பழியை ஏற்கும்போது ஒரு கேள்வி பிறக்கிறது. எங்கள் கொய்யாப்பழத்தில் எதுவும் பிறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வளைவுகளில் எண் போட்ட பலகைகள் இருக்கின்றன. படத்தொகுப்பில் நாங்கள் பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்பதைப் போட்டுவிட்டோம். தோட்டத்து ஜீப் ஓட்டுநர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். மலையில் படம் எடுக்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்:

1984இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' தொடரில், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பார்வையாளர்களிடம் நேராகப் பேசுவார். எங்கள் குழு அந்த முறையை எடுத்துக்கொண்டது. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவின் முன்னால் ஒரு பாட்டியை நிறுத்திப் பேச வைத்தோம். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் பிறந்த இடம் அது. எங்கள் தாத்தா அங்கே விளக்குப் பிடித்தவர். பாட்டி பேசியது எல்லாருக்கும் பிடித்தது. முன்னோட்டத்தில் வேறு எதுவும் யாருக்கும் நினைவில் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பேத்தியிடம் ஒரு கேள்வி: கடைசியில் 'தொடரும்' போட்டீர்களா?

செவ்வாய்ப்பேட்டைப் பேத்தி:

போட்டோம். அதை எடுத்துவிடலாம் என்று குழுவில் இருவர் வாதாடினார்கள், நான் விடவில்லை. அதனால் இப்போது எனக்கு வேலை வந்துவிட்டது. மாமியார் ஏன் எடுத்தார் என்று எங்கள் ஐவரில் யாருக்கும் தெரியாது. நாங்கள் யோசிக்கவே இல்லை. நேற்றும் அம்மாயி கேட்டார். முதல் பகுதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். காணாமல் போன ஜோடி எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்பதை அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எடை தெரிந்தால்தான் கண்ணு, அவளுக்கு எவ்வளவு பணம் தேவைப்பட்டது என்று தெரியும்" என்கிறார்.