உருவம் செய்யலாகாது என்ற கட்டளையும் யூதத் தொழுகைக் கூடங்களின் ஓவியங்களும்

கேள்வி – தாண்டிக்குடி ஆசிரியை

வணக்கம். பழனி மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற மாதம் பதினோராம் வகுப்பு மாணவர்களைத் தாண்டிக்குடிக் கல்திட்டைகளைக் காண அழைத்துச் சென்றபோது, எழுத்து எதையும் விட்டுச் செல்லாத மக்களைப் பற்றிக் கல்லும் பானையோடும்தான் நமக்குச் சொல்ல முடியும் என்று விளக்கினேன். அதைக் கேட்ட ஒரு மாணவி, யூதர்களிடம் தொன்றுதொட்டு நூல்கள் இருக்கும்போது அவர்களுடைய வரலாற்றை அறிய மண்ணைத் தோண்ட வேண்டிய தேவை என்ன என்று கேட்டாள். உருவம் எதையும் செய்யக் கூடாது என்பது அவர்களுடைய பத்துக் கட்டளைகளுள் ஒன்றாக இருக்கையில், அவர்களுக்கு ஓவியக் கலை எப்படி இருந்திருக்கும் என்றும் வினவினாள். அவளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – கோத்தகிரி வாசகர்

அம்மா, அந்த மாணவியின் இரண்டாம் கேள்விக்கான விடையிலேயே முதல் கேள்விக்கான விடையும் இருக்கிறது. கட்டளையை மட்டும் படித்தவர்கள், பண்டைய யூதர்கள் மனித உருவத்தை வரைந்திருக்கவே மாட்டார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றின் கரையிலுள்ள தூரா யூரோப்போஸ் என்ற பாழடைந்த நகரில் 1932ஆம் ஆண்டு தோண்டியபோது, சுவர் முழுவதும் ஓவியங்கள் நிறைந்த ஒரு யூதத் தொழுகைக் கூடம் வெளிப்பட்டு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நைல் ஆற்றிலிருந்து எடுக்கப்படும் குழந்தை மோசே, கடலைப் பிளக்கும் மோசே, உலர்ந்த எலும்புகள் உயிர் பெறுவதைக் காணும் தீர்க்கதரிசி எசேக்கியேல் என வேதக் கதைகள் வரிசையாக அங்கே தீட்டப்பட்டிருந்தன. அங்கிருந்த அரமேய மொழிக் கல்வெட்டால் அந்தக் கூடம் கி.பி. 244–245இல் புதுப்பிக்கப்பட்டது என்பதும் தெரிகிறது.

அவை அழியாமல் நின்ற விதம் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. பாரசீகப் படை முற்றுகையிட வருவதை அறிந்த உரோமானியர்கள், நகரின் மேற்கு மதிலை வலுப்படுத்துவதற்காக, அதை ஒட்டியிருந்த கட்டடங்களுக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். கி.பி. 256 வாக்கில் நகரம் வீழ்ந்தது; மண்ணுக்குள் புதைந்த சுவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் நிறம் மாறாமல் காத்திருந்தன. அந்த ஓவியங்கள் இப்போது டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. எங்கள் கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களை வரைந்தவர்கள் என்ன நினைத்து வரைந்தார்கள் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். தூராவிலோ சில உருவங்களின் அருகே அவை யாருடையவை என்று அரமேயத்திலும் கிரேக்கத்திலும் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கட்டளையின் அடுத்த வரி, அவ்வுருவங்களை வணங்கவும் சேவிக்கவும் வேண்டாம் என்கிறது. தடையின் கருத்து வழிபாட்டைப் பற்றியதே என்று அந்தக் கூடத்தினர் பொருள் கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பதில் – குன்னூர் வாசகி

கோத்தகிரி ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆனால் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் அப்படியே பொருள் கொண்டார்கள் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. யூதர்களின் தலைமை வழிபாட்டிடமான எருசலேம் ஆலயம் நின்றிருந்த காலத்தில் ஆண்ட ஹஸ்மோனியர் என்ற யூத அரச மரபினர், அண்டை நாட்டு மன்னர்கள் தம் முகத்தை நாணயத்தில் பொறித்தபோதும், நங்கூரம், விண்மீன் போன்றவற்றையே பொறித்தார்கள்.

பின்னர் கி.பி. ஆறாம் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலின் வடபகுதியிலுள்ள பெத் ஆல்ஃபா தொழுகைக் கூடத்தின் தரையில் மனித முகங்கள் தயக்கமின்றி இடம்பெறுகின்றன. 1928இன் இறுதியில் விவசாயிகள் பாசன வாய்க்கால் வெட்டும்போது தென்பட்ட அந்த மொசைக் தரையின் நடுவே, நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் சூரியனும், அவனைச் சுற்றி 12 இராசிகளும் உள்ளன. நம் கோயில்களில் ஏழு குதிரைத் தேரில் சூரியனைக் கண்டு பழகிய மாணவர்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தோன்றாது. தரையைச் செய்த மரியானோஸ், அவருடைய மகன் ஹனினா ஆகியோரின் பெயர்களையும் அங்கே படிக்க முடிகிறது. மூலைகளில் உள்ள நான்கு பருவங்களின் உருவங்கள் அருகிலுள்ள இராசிகளோடு பொருந்தாமல் இடம் மாறி இருக்கின்றன. தந்தையும் மகனும் செய்த அந்தப் பிழையால்தான் அவர்கள் எனக்கு நெருக்கமானவர்களாகிறார்கள்.

எரிகோ அருகிலுள்ள நாரானில் நிலைமை வேறு. 1918இல் பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தில் வெளிப்பட்ட அந்தத் தொழுகைக் கூடத் தரையில், பழங்காலத்திலேயே யாரோ உருவங்களைக் கவனமாகப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். எபிரேய எழுத்துகளை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். முன்னோர் விரும்பிப் பதித்த உருவங்கள் பின்வந்தவர்களுக்கு உறுத்தியிருக்கின்றன. அந்தத் தரையைத் தோண்டிப் பார்த்திராவிட்டால் இந்தக் கருத்து மாற்றத்தை நாம் இவ்வளவு கண்கூடாகக் கண்டிருக்க மாட்டோம்.

பதில் – கொடைக்கானல் வாசகர்

ஒன்றைச் சேர்க்கிறேன். ஆலயத்தில் இருந்த ஏழு கிளைக் குத்துவிளக்கைப் பற்றி யூத வேதத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமம் விரிவாகச் சொல்கிறது; ஆனால் அதன் அடிப்பாகம் எப்படியிருந்தது என்பதை அதிலிருந்து தெளிவாக அறிய முடியவில்லை. கி.பி. 70இல் ஆலயத்தை அழித்த வெற்றியைக் கொண்டாடும் உரோம் நகரின் டைட்டஸ் வளைவில், படிகளாக அமைந்த எண்கோணப் பீடத்தின்மீது அந்த விளக்கைச் சுமந்து செல்லும் வீரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். யூதர்கள் தாமே செதுக்கிய விளக்குகள் பலவற்றுக்கோ மூன்று கால்கள் இருக்கின்றன. 2009இல் கலிலேயாக் கடலோரம் மக்தலாவில் கிடைத்த கல்லிலும் ஒரு விளக்கு உண்டு. ஆலயம் இன்னும் நின்றிருந்த காலத்தில் செதுக்கப்பட்டது அது. இம்மூன்றின் படங்களையும் அருகருகே வைத்து, எதை நம்புவது என்று மாணவர்களையே விவாதிக்கச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் திங்கட்கிழமை விளக்கின் மூன்று படங்களையும் நாரான் தரையின் படத்தையும் வகுப்பில் காட்டப் போகிறேன். கேள்வி கேட்ட மாணவியிடம் நாரானைப் பற்றி இப்போதே சொன்னேன். உருவங்களை அகற்றியவர்கள் எழுத்துகளை ஏன் விட்டார்கள் என்று உடனே கேட்டாள். அவை வேதத்தை எழுதும் எழுத்துகள் என்பதால் அவற்றின் மீது கை வைக்கத் துணிந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.