ஆயுத வர்த்தக ஒப்பந்தம்: ஓட்டை எந்தப் பிரிவில்?

செங்கோடன்:
நாடுகளுக்கு இடையிலான ஆயுத விற்பனைக்கு விதி போடும் ஐ.நா.வின் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் 2014 டிசம்பர் 24 முதல் அமலில் இருக்கிறது. ரஷ்யாவும் இந்தியாவும் சேரவில்லை, அமெரிக்கா கையெழுத்தோடு நின்றுவிட்டது, இதெல்லாம் தெரிந்த கதைதான். என் கேள்வி வேறு. முறையான உரிமத்தோடு கிளம்பிய ஆயுதச் சரக்கே வேறு கைக்குத் திசைமாறுகிறதே, அது எந்தக் கட்டத்தில் நடக்கிறது?

ஏழாம்பிரிவு:
முதல் ஓட்டை உரிமம் கொடுக்கும் மேஜையிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தின் பிரிவு 6 நேரடித் தடை. இனப்படுகொலைக்கோ போர்க்குற்றத்துக்கோ பயன்படும் என்று அனுமதிக்கும் நேரத்தில் 'தெரிந்திருந்தால்' அனுப்பக் கூடாது. தெரியாது என்று சொல்லிவிட்டால் பிரிவு 7-க்குப் போகும். அங்கே ஏற்றுமதி செய்யும் நாடே ஆபத்தை எடைபோட்டு, தணிக்க வழியும் தேடி, அதையும் மிஞ்சிய ஆபத்து இருந்தால்தான் மறுக்க வேண்டும். விற்கிறவரே தீர்ப்பும் சொல்கிறார். சவூதிக்கான பிரிட்டன் உரிமங்களைப் பாருங்கள். ஏமன் போரில் சவூதி கூட்டணி செய்ததாகச் சொல்லப்பட்ட பழைய மீறல்களை பிரிட்டன் அரசு மதிப்பிடவே இல்லை, அது சட்டவிரோதம் என்று 2019 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2020 ஜூலையில் அரசு மறுஆய்வு செய்து, நடந்திருக்கக்கூடியவை 'தனித்தனிச் சம்பவங்கள்' என்று சொல்லி மறுபடி உரிமம் தரத் தொடங்கியது. (வழக்கு பிரிட்டனின் சொந்த ஏற்றுமதி விதிகளின் கீழ் நடந்தது. தர்க்கம் இதேதான்.) ஜெனீவாவில் உள்ள ஒப்பந்தச் செயலகத்துக்கு விசாரிக்கவோ தண்டிக்கவோ அதிகாரம் இல்லை. உறுப்பு நாடுகள் மே 31-க்குள் தரவேண்டிய ஆண்டறிக்கையிலும் தேசப் பாதுகாப்பு என்று சொல்லி விவரத்தை மறைக்கலாம்.

சுங்கவாசல்:
நீங்கள் கேட்கும் கட்டம் இறுதிப் பயனர் சான்றிதழ், அதாவது ஆயுதம் யாருக்கு, எதற்கு என்று வாங்குபவர் தரும் உறுதித் தாள். அதில் இருப்பவை: வாங்கும் அரசு, பொருள், எண்ணிக்கை, விற்பனை ஒப்பந்த எண், பயன்பாடு, 'மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க மாட்டோம்' என்ற உறுதி, கையெழுத்து, முத்திரை. உலகம் முழுக்க ஒரே படிவம் கிடையாது. போலியைப் பிடிக்க, தாளில் அச்சடித்த தொலைபேசி எண்ணில் கூப்பிடுவது வீண். அதையும் போலி செய்தவர்தான் எடுப்பார். தூதரகம் வழியாக, கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று கேட்க வேண்டும். அந்த ராணுவம் பயன்படுத்தாத காலிபர் (துப்பாக்கிக் குழல், தோட்டாவின் விட்ட அளவு), படை அளவுக்குப் பொருந்தாத எண்ணிக்கை இரண்டும் சிவப்புக் கொடி. ஒப்பந்த எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத சான்றிதழை இன்னொரு சரக்குக்கும் ஓட்டிவிடலாம்.

ஆனால் பெரிய தலைவலி உண்மையான சான்றிதழ்தான். சுவிட்சர்லாந்து ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விற்ற கையெறி குண்டு 2012-ல் சிரியாவில் தென்பட்டது. அமீரகம் ஒரு பகுதியை ஜோர்டானுக்குக் கொடுத்திருந்தது. ரொமேனியா அமெரிக்க ராணுவத்துக்கு விற்ற பிஜி-9 வகை பீரங்கி எதிர்ப்பு ராக்கெட்டுகள், மறுஏற்றுமதி செய்ய மாட்டோம் என்ற உறுதி இருந்தும், ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) பயங்கரவாத அமைப்பின் கையில் கிடைத்தன. தாளில் பிழையே இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செங்கோடன்:
போய்ப் பார்த்தால் தீருமா?

சுங்கவாசல்:
துப்பாக்கிக்கு ஓரளவு தீரும். சான்றிதழிலேயே நேரில் ஆய்வு செய்யும் உரிமையை எழுதி வாங்கி, கிடங்கில் சீரியல் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடலாம். சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் செய்கின்றன. தோட்டாவுக்கு அது நடக்காது. தனித்தனி எண் கிடையாது. ஒரே தொகுதியாகத் தயாரித்ததைக் குறிக்கும் லாட் எண் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். வேறு பெட்டிக்கு மாற்றினால் தடம் அறுந்துவிடும். 2005-ல் ஐ.நா. கொண்டுவந்த தடமறியும் ஏற்பாட்டில் தோட்டாக்கள் சேர்க்கப்படவே இல்லை.

ஏழாம்பிரிவு:
தரகர்களையும் விட்டுவிடாதீர்கள். பிரிவு 10 அவர்களை ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. பதிவு கட்டாயமா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. ஒரு நாட்டில் உட்கார்ந்து, இரண்டாவது நாட்டுச் சரக்கை மூன்றாவது நாட்டுக்கு முடித்துக் கொடுப்பவரின் கையில் சரக்கே படாது. எந்தச் சுங்க அதிகாரி அவரைப் பிடிப்பார்?