ஓர்லாண்டோவில் 3 ராத்திரி 199 டாலர், பதிலுக்கு டைம்ஷேர் மீட்டிங்: போகலாமா?

சார்லட் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். வட கரோலினாவுல சார்லட் பக்கம் இருக்கோம். போன வாரம் என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையா அட்லாண்டா போறதுக்கு ஹோட்டல் புக் பண்ண போன் போட்டார். புக்கிங் முடிஞ்சதும் "லைன்லயே இருங்க, உங்களுக்கு ஒரு ஆஃபர் இருக்கு"ன்னு வேற ஒரு பொண்ணுகிட்ட மாத்தி விட்டிருக்காங்க. புளோரிடாவுல டிஸ்னி வேர்ல்ட் இருக்கற ஓர்லாண்டோவுல 3 ராத்திரி 4 பகல், மொத்தம் 199 டாலர். மேல 100 டாலருக்கு ஒரு கிஃப்ட் கார்டு வேற தர்றாங்களாம். பதிலுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் காலையில 2 மணி நேரம் உக்காந்து அவங்க "வெகேஷன் ஓனர்ஷிப்" பத்தி சொல்றதைக் கேக்கணும் (டைம்ஷேர்தான், அதாவது ஒரு ரிசார்ட் ரூமை வருஷத்துல ஒரு வாரம் மாதிரி தங்கற உரிமையைக் காசு குடுத்து வாங்கிக்கறது). வாங்கணும்னு கட்டாயம் இல்லையாம்.

இவர் ஒரே குஷியா இருக்கார். பிப்ரவரியில மாமனார், மாமியார் திருநெல்வேலியிலிருந்து வர்றாங்க. பசங்களுக்கு 8 வயசும் 4 வயசும். ஏப்ரல்ல ஸ்பிரிங் பிரேக்குக்கு எல்லாரும் கார்லயே போயிடலாம், 8 மணி நேர டிரைவ்தானேங்கறார். அத்தை வெளிச் சாப்பாடு தொட மாட்டாங்க. அதனால கிச்சன் உள்ள ரூமான்னு கேட்டதுக்கு அந்தப் பொண்ணு "பெரும்பாலும் இருக்கும்"னு சொல்லுச்சாம்.

என் பயம் ரூமைப் பத்தி இல்லை, இவரைப் பத்தி. யார்கிட்டயும் முகத்தை முறிச்சுப் பேச வராது. காலேஜ் சீனியர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுக் கட்டி விட்டுப் போன எல்ஐசி பாலிசிக்கு இன்னும் பிரீமியம் போயிட்டிருக்கு. இந்த லட்சணத்துல இந்த வருஷக் கடைசியில வீடு வாங்கலாம்னு வேற இருக்கோம்.

இன்னும் கிரெடிட் கார்டு நம்பர் குடுக்கலை. வெள்ளிக்கிழமை திரும்பக் கூப்பிடுவாங்களாம், அதுக்கு மேல ஆஃபர் கிடையாதாம். போயிட்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா? இதுல ஏதாவது உள்குத்து இருக்கா, இல்லை நான்தான் தேவையில்லாம பயப்படறேனா?

தாம்பா வாசி:

தங்கச்சி, ஆஃபர் பொய் இல்லை. பெயருள்ள கம்பெனி என்றால் சொன்ன ரூம் கிடைக்கும், சொன்ன கார்டும் கிடைக்கும். ஓர்லாண்டோ பக்கத்துக் கிஸ்ஸிமீயில் ஒரு ரிசார்ட்டின் கணக்குப் பிரிவில் சில வருஷம் வேலை பார்த்தவன் நான். விற்பனைக் கூடம் எங்கள் ஆபீஸுக்கு நேர் எதிரே. உங்களுக்குத் தரும் ரூம் அவர்களுக்கு விளம்பரச் செலவு. வந்து உட்காருகிறவர்களில் கொஞ்சம் பேர் கையெழுத்துப் போட்டாலே எல்லாருடைய ரூம் செலவும் அதில் அடங்கிவிடும். அதனால் ரூமைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் உங்கள் குடும்பத்துக்கு இது பொருந்துமா என்பது வேறு கேள்வி. இந்த 199 டாலர் பேக்கேஜ் பெரும்பாலும் 2 பெரியவர், 2 பிள்ளைகள் என்ற கணக்கில் போடுவது. நீங்கள் 4 பெரியவர். ஸ்பிரிங் பிரேக், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் வாரங்களுக்குக் கூடுதல் கட்டணம் இருக்கும், அல்லது அந்தத் தேதிகளே கிடைக்காது. வரி 199-க்குள் அடங்குமா என்று கேளுங்கள். ஓர்லாண்டோவில் ரூம் வரி 12.5 சதவீதம், கிஸ்ஸிமீ பக்கம் 13.5. "பெரும்பாலும் கிச்சன் இருக்கும்" என்றால் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங் நடக்கும் ரிசார்ட்டில் முழுக் கிச்சன் இருக்கும். உங்களைத் தங்க வைப்பது அங்கேயேதான் என்று எழுத்தில் இல்லாவிட்டால் நம்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமை போன் வந்தால் கார்டு நம்பருக்கு முன்னால் நிபந்தனை முழுவதையும் இமெயிலில் கேளுங்கள். டைம்ஷேர் விற்பதற்கான விளம்பரம் இது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், புளோரிடா சட்டமே அப்படிச் சொல்கிறது. வருமான வரம்பு, இருவரும் ஒன்றாக வரவேண்டும் என்பது, மீட்டிங்கைத் தவறவிட்டால் ரூமின் முழு வாடகையை உங்கள் கார்டில் பிடிப்பார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். மாமியாருக்குத் துணையாக நீங்கள் ரூமில் இருந்துவிட்டு இவரை மட்டும் அனுப்பினாலும் தவறவிட்டதாகத்தான் கணக்கு.

அந்த 2 மணி நேரம் இருக்கிறதே, காலை 9 மணிக்குப் போய் லைசென்ஸைக் காட்டிப் பதிவு செய்து, கடைசியில் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். முழுசாகக் கிடைப்பதே இடையில் 2 பகல்தான், அதில் பாதி நாள் போச்சு. டிஸ்னி டிக்கெட் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 119 டாலரில் தொடங்கி, கூட்டமான நாட்களில் 200-ஐ ஒட்டிப் போகிறது. 199 டாலரில் மிச்சம் பிடித்தது எங்கே போகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

உள்ளே நடப்பதையும் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் படிக்கட்டும். முதலில் காபி, பேகல், குடும்பக் கதை. எங்கள் இடத்தில் இந்தியக் குடும்பம் வந்தால் இந்தியர் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். ஊர், படிப்பு எல்லாம் விசாரிப்பார். பிறகு வருஷத்துக்கு விடுமுறைக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்பார். 3,000 என்றால் பேப்பரில் 20-ஆல் பெருக்கி 60,000 என்று வட்டம் போடுவார். அதற்குப் பிறகு மாடல் ரூம். கிச்சனைக் காட்டி "அம்மா இங்கேயே சமைக்கலாம்" என்பார், அது உண்மையும்கூட. விலை 20,000 டாலருக்கு மேல் சொல்வார்கள். வேண்டாம் என்றால் மேனேஜர் வந்து குறைப்பார். அதற்கும் வேண்டாம் என்றால் வாசலில் இன்னொரு மேஜை இருக்கும், "சும்மா முயற்சி பண்ணிப் பாருங்கள்" என்று ஒன்றிரண்டு ஆயிரத்துக்குச் சின்னப் பேக்கேஜ் விற்க. நல்ல பிள்ளைகள் முதல் இரண்டு இடத்தில் தப்பித்து மூன்றாவதில் மாட்டுவதை நான் தினமும் பார்த்தேன்.

விலையை விடுங்கள். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் என்று 1,000 டாலருக்கு மேல் வரும். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், ஏறுமே தவிர இறங்காது. புயல் அடித்துக் கூரை போனால் அதற்குத் தனி வசூல். அவர்களிடமே கடன் வாங்கினால் வட்டி 12, 15 சதவீதம் சாதாரணம். விற்கப் போனால் அதே ரிசார்ட்டின் வாரங்கள் ஈபேயில் ஒரு டாலருக்குக் கிடக்கும். வாங்க ஆள் இருக்காது, கட்டணத்தோடு சேர்த்து யார் வாங்குவார்?

உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்காகத்தான் அந்த மேஜையே போட்டிருக்கிறது. "யோசித்துச் சொல்கிறோம்", "வீடு வாங்கப் போகிறோம்" என்று எந்தக் காரணமும் சொல்லக் கூடாது. காரணம் சொன்னால் அதற்குப் பதில் தயாராக இருக்கும். "இன்றைக்கு வாங்கவில்லை, நன்றி" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்று அவரைக் கேளுங்கள். முடியும் என்றால் போகலாம்.

மீறி ஏதாவது நடந்தாலும் புளோரிடாவில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். ஆவணம் பிறகு கைக்கு வந்தால் அந்த நாளிலிருந்து 10 நாள். இந்த உரிமை வேண்டாம் என்று உங்களிடம் எழுதி வாங்கிக்கொள்ள யாராலும் முடியாது. போனில் சொன்னால் செல்லாது. ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் முகவரிக்குக் கடிதம் எழுதி, அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். லாஸ் வேகஸில் இதே ஆஃபர் வந்தால் அங்கே 5 நாள்தான்.

ஸ்காபரோ அன்ரி:

தம்பி சொன்னது முழுக்கச் சரி, ஆனா ஒரு பக்கம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் டிஸ்னியின்ர டைம்ஷேர் பொயின்ற்ஸ் வைச்சிருக்கிறம், எங்களுக்குச் சரியான சந்தோசம். ஆனா கொம்பனியிட்டை வேண்டேல்லை. ஏற்கெனவே வைச்சிருந்த ஒரு ஆளிட்டை இருந்து பாதி விலைக்கும் குறைய வேண்டினனாங்கள். எங்கட ஒப்பந்தம் 2042-இல முடியும், அதுக்குப் பிறகு பிள்ளையளின்ர தலையில விழாது. அதைப் பார்த்துத்தான் வேண்டினது. மகள்மார், பேரப்பிள்ளையள் எண்டு வருசம் தவறாமல் போறபடியால்தான் எங்களுக்குக் கட்டுபடியாகுது. ஒரு வருசம் போகேல்லை எண்டாலும் கட்டணம் கட்டத்தான் வேணும், அதிலை மாற்றமில்லை.

பிள்ளை, உமக்கு வேண்டியது கிச்சனும் ரெண்டு படுக்கையறையும்தானே? அதுக்கு ஏன் கூட்டத்துக்குப் போய்க் குந்தியிருக்க வேணும்? டைம்ஷேர் வைச்சிருந்தும் போக முடியாத ஆக்கள் தங்கட கிழமையை (வாரத்தை) வாடகைக்கு விடுவினம், கனபேர் பராமரிப்புக் காசு வந்தால் காணும் எண்டுதான் கேக்கிறவை. அப்பிடி எடுத்துப் போம். மாமியும் மாமாவும் ஒரு அறையிலை, நீங்கள் மற்றதிலை. சோறு, சொதி எல்லாம் அங்கையே வைக்கலாம்.

ஒரு விசயம். செக்-இன் செய்யேக்கை பார்க்கிங் பாஸ் வாங்க எண்டு பக்கத்து மேசைக்கு அனுப்புவினம். அங்கையும் ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டு "நாளைக்குக் காலமை சாப்பிட வாங்கோ" எண்டு கேக்கும். பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு வாரும்.

கணக்குப்பிள்ளை, டாலஸ்:

வீடு வாங்கப் போறோம்னு எழுதியிருக்கீங்களே, அதை மட்டும் பேசறேன். அந்த மேஜையில முன்பணத்துக்குன்னு அவங்க கம்பெனி பேர்ல ஒரு கிரெடிட் கார்டு எடுத்துக் குடுப்பாங்க. டேப்ளட்ல பேரும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் (இங்க ஆதார் நம்பர் மாதிரி) தட்டறதுதான், விண்ணப்பம்னே தோணாது. ஆனா அது உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல, அதாவது கடன் வரலாறுல, ஏறும். மிச்சத்துக்குப் போடற லோன் மாசத் தவணையா உங்க கடன் கணக்குல சேரும். வீட்டுக் கடன் குடுக்கற பேங்க் உங்க வருமானத்துல எத்தனை பங்கு தவணைக்குப் போகுதுன்னுதான் முதல்ல பாக்கும். மாசம் 350 டாலர் அங்க போச்சுன்னா வீட்டுக்குக் கட்ட முடியற மாசத் தவணை அந்த அளவுக்குக் குறையும், கிடைக்கற கடனும் குறையும். 10 நாளைக்குள்ள ரத்து பண்ணினாலும் கார்டு விண்ணப்பம் போட்ட தடம் ரிப்போர்ட்ல 2 வருஷம் இருக்கும். பெரிய ஆபத்து இல்லை, ஆனா வீடு வாங்கற வருஷத்துல எதுக்கு? போறதா இருந்தா சோஷியல் நம்பரை யாருக்கும் சொல்றதில்லைன்னு ரெண்டு பேரும் வீட்டுலயே பேசிட்டுப் போங்க.

பெசன்ட் நகர்:

நம்ம ஊர்லயும் இதே கதைதான். மால்ல கூப்பன் எழுதிப் போட்டா மறுநாளே "பரிசு விழுந்திருக்கு, தம்பதியா ஹோட்டலுக்கு வாங்க"ன்னு போன் வரும். எங்க அப்பா ஏசி ஹால்ல சமோசா சாப்பிட்டுட்டு, கடைசி வரைக்கும் "எனக்குக் காது சரியாக் கேக்காது"ன்னு சொல்லியே வெளியே வந்துட்டார். சார்லட் அக்கா, இதை அண்ணனுக்குச் சொல்லிக் குடுங்க.

சார்லட் மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாம்பா அண்ணா, நீங்க எழுதினதை அவர்கிட்டயே குடுத்துட்டேன். மூணாவது மேஜை வரைக்கும் படிச்சிட்டு "நான் அங்கதான் விழுந்திருப்பேன்"னு சிரிச்சார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு. இமெயில்ல அனுப்பும்மான்னு சொன்னோம். முதல்ல "பணம் கட்டினாத்தான் அனுப்ப முடியும்"னுது, அப்புறம் மேனேஜரைக் கேட்டுட்டு அனுப்பிடுச்சு. அதிகபட்சம் 4 பேர்னு போட்டிருக்கு. ஏப்ரல்ல ஈஸ்டரைச் சுத்தி இருக்கற வாரத்துக்கு ராத்திரிக்கு 75 டாலர் கூட. கிச்சன்ங்கற வார்த்தையே எங்கயும் இல்லை. ரூம் மீட்டிங் நடக்கற ரிசார்ட்ல இல்லை, அதுக்குப் பக்கத்து ஹோட்டல்ல. அத்தை மாமாவுக்கு இன்னொரு ரூம் தனியா போடறதா வெச்சுப் பார்த்தா 600 டாலரைத் தாண்டிடுது, அப்பவும் அத்தைக்கு அடுப்பு கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு மேல ஆஃபர் இல்லைன்னாங்க இல்லையா, திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டு 149-க்குத் தர்றேங்கறாங்க!

நாங்க வேண்டாம்னு சொல்லிட்டோம். சொன்னது அவரேதான், காரணம் எதுவும் சொல்லாம. ஸ்காபரோ அன்ரி, நீங்க சொன்ன மாதிரி வாடகைக்குப் பார்த்தோம். ஸ்பிரிங் பிரேக்குங்கறதால ஓனர்கள் விடற ரெண்டு பெட்ரூம் எல்லாம் போயிடுச்சு. இப்ப கிஸ்ஸிமீயில நீச்சல் குளத்தோட ஒரு மூணு பெட்ரூம் வீட்டைப் பார்த்து வெச்சிருக்கோம், சார்லட்ல பழக்கமான இன்னொரு குடும்பமும் பங்குக்கு வர்றாங்க. அண்ணா, வீடு எடுக்கறதுல ஏதாவது கவனிக்கணுமா?

தாம்பா வாசி:

நல்ல முடிவு. போட்டிருக்கும் ராத்திரி வாடகையை நம்பாதீர்கள், சுத்தம் செய்யும் கட்டணமும் வரியும் சேர்ந்த கடைசி எண்ணைப் பாருங்கள். சில சமயம் அந்தக் கட்டணமும் வரியுமே வாடகைக்கு நிகராக வந்து நிற்கும். குளத்து நீரைச் சூடாக்கத் தினத்துக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். ஏப்ரலில் பிள்ளைகளுக்கு அது வேண்டியிருக்கும், முன்னாலேயே பேசிவிடுங்கள். 4 வயதுப் பிள்ளை இருப்பதால் குளத்தைச் சுற்றித் தடுப்பு வேலி உண்டா என்று கேட்டு, அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மாமியாருக்குக் குக்கரையும் ஒரு தோசைக்கல்லையும் காரிலேயே எடுத்து வந்துவிடுங்கள். அந்த வீடுகளில் இருக்கும் தவாவில் தோசை எழும்பாது.