டொலர் இல்லாத காலம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

புறக்கோட்டையான்
2022 மார்ச். 203 ரூபாயில் இறுக்கிப் பிடித்திருந்த டொலரை இலங்கை மத்திய வங்கி தளர்த்திய வாரம். எங்கள் பருப்புக் கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடந்தன, தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. வங்கி அதிகாரி கோப்பைத் திறக்கவே இல்லை. "ரூபாய் இருக்கிறது தம்பி, டொலருக்கு எங்கே போவேன்?" என்று சொல்லி, இரண்டு விரலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த விரல்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. மாதக்கணக்கில் விலையை அமுக்கி வைத்தவர்கள் யாருக்குக் கணக்குச் சொன்னார்கள்?

சுன்னாகத்து மகள்
கட்டுப்பாடு என்றாலே கெடுதல் என்று எழுதாதீர்கள். அந்நியச் செலாவணி இல்லையென்று 1970களில் இறக்குமதியை மறித்தபோதுதான் அப்பாவின் மிளகாயும் வெங்காயமும் விலைபோயின. எங்கள் கல்வீடு அந்தக் காசில் எழுந்தது. 1977 நவம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு டொலருக்கு இரண்டு விலை வைத்த இரட்டை மாற்று வீதத்தை ஒழித்து, டொலரை 16 ரூபாயளவில் வைத்து, இறக்குமதியையும் திறந்துவிட்டது. பிறகொரு நாள் சந்தையில் வியாபாரி எங்கள் சாக்கில் ஒரு பிடி செத்தல் மிளகாயை அள்ளி, முகர்ந்துகூடப் பாராமல் திரும்பக் கொட்டினார். அப்பா பேரம் பேசவே இல்லை.

அச்சுக்கூடத்தார்
தங்கச்சி, உங்களுக்குக் கல்வீடு எழுந்த அதே ஆண்டுகளில் கொழும்பில் நாங்கள் பாணுக்கு வரிசையில் நின்றோம். 1970களின் தொடக்கத்தில் டொலரின் உத்தியோகபூர்வ விலை 5.95 ரூபாய். 1968இல் வந்த அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழுக்கு, அதாவது பல இறக்குமதிகளுக்கு டொலர் வாங்கக் காட்ட வேண்டிய சீட்டுக்கு, அதற்கு மேல் 44 சதவீதம், பின்னர் 65. அந்த விலைக்கும் நாங்கள் ஆயத்தம்தான். ஆனால் அச்சு இயந்திரத்தின் ஒரு பல்சக்கரத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் "அத்தியாவசியமற்றது" என்ற சிவப்பு மையோடு திரும்பியது. இயந்திரம் துணி போர்த்திக் கிடந்தது, இரண்டு பையன்களை வீட்டுக்கு அனுப்பினோம். அது அநியாயம், இன்றும் சொல்வேன்.

தோஹாவிலிருந்து
2021 கடைசியில் வங்கி ஒரு டொலருக்கு 203 ரூபாயோடு 10 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிட அதிகம் தந்தார். நான் வங்கியில்தான் அனுப்பினேன். "பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படிக் கூட வருகிறது?" என்று தொலைபேசியில் மனைவி கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் கவனியுங்கள். வந்த டொலர் முழுவதையும் உடனே ரூபாயாக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருக்கலாம். வங்கியில் கேட்டுத் திறவுங்கள். அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள், நாளை வீட்டுக் கடனுக்கு வருமானம் காட்ட அதுதான் சாட்சி. உண்டியலில் காசு தவறினால் திரும்பப் பெறுவது கடினம். ஊரில் இருப்பவர்களிடமும் இதை முன்கூட்டியே விளக்குங்கள்.

சுன்னாகத்து மகள்
அச்சுக்கூடத்து ஐயா, பாண் வரிசையை நான் மறுக்கவில்லை. திறந்ததும் சரியாகவே இருக்கலாம். தோட்டக்காரனுக்கு ஒரு போகமாவது அவகாசம் கொடுத்துத் திறந்திருக்கக் கூடாதா?