கோபத்தில் வேலையை விட்டாயிற்று, கடைசியாக ஒரு மடல் போடலாமா வேண்டாமா?

சாய்ந்த நாற்காலி:

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை வரைக்கும் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஆறு வருட வேலை. சரக்கு அனுப்பும் பிரிவில் அட்டவணை போடுகிற குழு, என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அதற்காக இரண்டு மாதம் முன்பே விடுப்பு எழுதிக் கொடுத்தேன், மேலாளரே கையெழுத்தும் போட்டார். செவ்வாய் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் "அந்த வாரம் நீ வந்தாக வேண்டும்" என்கிறார். காரணத்தை நினைவுபடுத்தினேன். "கண்தானே, இதயமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கூடவே இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதற்கு மேல் நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்றது நினைவிருக்கிறது. "நாங்கள் பதினோரு பேர் செய்கிற வேலைக்குக் கீழே கையெழுத்துப் போடுவதைத் தவிர உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டேன். அப்புறம் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "முதுகெலும்பு இருக்கிற எவனும் இங்கே இருக்க மாட்டான்" என்றேன். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் போட்டேன். போட்டேன் என்றால் எறிந்தேன். அது வழுக்கிக்கொண்டு போய் அவருடைய கோப்பையில் டிங் என்று முட்டி நின்றது, ஒத்திகை பார்த்திருந்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்காது.

இன்றோடு மூன்று நாள். முதல் நாள் ராஜா மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் வங்கிக் கணக்கைப் பார்த்தேன், ராஜா இறங்கிவிட்டார். இன்று என்னவென்றால், சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று அரிக்கிறது. நேற்று இரவு உட்கார்ந்து ஒரு மடல் எழுதினேன். அச்சடித்தால் நான்கு பக்கம் வரும். யார் யார் உழைப்பை அவர் தன் பெயரில் காட்டினார், யாரை எப்படி அழவைத்தார், எல்லாம் தேதியோடு இருக்கிறது. நிறுவனத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் போகிற முகவரியைப் போட்டாயிற்று. பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

இப்படி அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நிம்மதி வந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

பி.கு. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், கோப்பு அலமாரியின் சாவி என் பையிலேயே இருக்கிறது.


அரைத்தூக்கம்:

சகோ, கோப்பையில் டிங் என்று முட்டியதை விட நல்ல முடிவு எந்த மடலிலும் வராது. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.


மூன்றாம் மாடி:

பணியாளர் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவள் நான், அதனால் முதலில் சலிப்பான விஷயம். நீங்கள் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள், எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை, அப்படித்தானே? இன்றைக்கே இரண்டு வரியில் ராஜினாமாவை எழுதித் தேதி போட்டு, மேலாளருக்கும் பணியாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் "சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்" என்று அவர்கள் எழுதிக்கொள்ள வழி இருக்கிறது. பல வருடம் கழித்து வேறு ஒரு நிறுவனம் விசாரிக்கும்போது அந்தக் கோப்பில் இருக்கிற வரிதான் பேசும். உங்கள் கதையை அவர்கள் கையில் எழுதக் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸ் காலத்தைப் பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மிச்சம் இருக்கிற சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், வேலை பார்த்ததற்கான சான்று, இவையெல்லாம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. அந்தத் தேதியோடு கூடிய ஆதாரங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் யோசியுங்கள். அலுவலகக் கோப்புகளை உங்கள் சொந்த மடலுக்கு அனுப்பி வைத்திருந்தால், பேச்சு அவர் செய்ததை விட்டுவிட்டு நீங்கள் எடுத்துக்கொண்டு போனதற்குத் தாவிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல.

போகிறவர் கோபத்தில் எதையாவது தொட்டுவிட்டுப் போனால் அது இன்னும் மோசம். 2002இல் யுபிஎஸ் பெயின்வெபர் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் போனஸ் குறைந்த ஆத்திரத்தில் விலகிய ஒருவர், போவதற்கு முன்பே ஒரு நிரலை ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அது சுமார் இரண்டாயிரம் சர்வர்களில் கோப்புகளை அழித்தது. அவருக்குக் கிடைத்தது 97 மாதச் சிறை. நீங்கள் அந்த வகை இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் அந்தச் சாவியை நாளைக்கே ரசீதோடு திருப்பிக் கொடுங்கள்.


எதிர்ப்பக்கம்:

நான் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவன். அதாவது, இப்படி ஒரு மடலை வாங்கியவன். நல்ல மேலாளராக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

என் குழுவில் இருந்த ஒருவர் விலகிப் போனபோது ஐந்து பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். நான் அதை எப்படிப் படித்தேன் தெரியுமா? திருத்தத்துக்கு வந்த விடைத்தாளைப் படிக்கிற மாதிரி. தப்பு எங்கே என்று தேடித்தேடிப் படித்தேன். இரண்டு கிடைத்தன. ஒரு தேதி தவறு, இன்னொன்றில் நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அந்த இரண்டையும் மஞ்சளில் குறித்து மேலே இருப்பவரிடம் காட்டினேன், அவர் "பாவம், மனநிலை சரியில்லை போல" என்றார். முடிந்தது. மீதி நாலே முக்கால் பக்கமும் உண்மை, அது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு பெண் விலகினார். பொறுப்புகளை ஒப்படைத்தார், கையெழுத்து வாங்கினார், கதவு வரை போய்த் திரும்பி, "சார், மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நீங்கள் என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை" என்றார். குரலில் கோபமே இல்லை. வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். அதில் மஞ்சளில் குறிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பது வருடம் ஆகிறது, புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சரி, நான் உங்களிடம் கேட்க வந்தது வேறு. "முதுகெலும்பு இருக்கிற எவனும் இங்கே இருக்க மாட்டான்" என்று சொன்னீர்களே, அது யாரைப் பார்த்து? சிரித்தவர்கள் இரண்டு பேர்தானே. மற்ற எட்டுப் பேர்?


பழைய நாளிதழ்:

எதிர்ப்பக்கம் சொன்னதோடு சேர்த்து எனக்குப் பிடித்த ஒரு சம்பவம். பிரிட்டனில் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அமைச்சரவையில் ஜெஃப்ரி ஹவ் என்று ஒருவர் இருந்தார். 1979இல் இருந்து கடைசி வரை கூடவே இருந்தவர், சத்தமாகப் பேசவே தெரியாதவர். அவர் நம்மைத் தாக்குவது செத்த ஆடு பாய்கிற மாதிரி என்று தொழிற்கட்சியின் டெனிஸ் ஹீலி ஒருமுறை கேலி செய்தார், அந்த அளவுக்கு அமைதி. தாட்சர் அவரைக் கூட்டங்களில் மட்டம் தட்டுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1990 நவம்பர் 1 அன்று அவர் ராஜினாமா செய்தார். அன்றைக்கே கத்தவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து அதே மெல்லிய குரலில் பேசினார். ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே போய்ப் பார்த்தால் மட்டையை முன்பே உடைத்து வைத்திருப்பது நம் கேப்டன்தான் என்று கிரிக்கெட்டை வைத்து ஓர் உவமை சொன்னார். நவம்பர் 22 அன்று தாட்சர் பதவி விலகப் போவதாக அறிவித்துவிட்டார். மற்ற காரணங்களும் இருந்தன, கட்சிக்குள் போட்டி நடந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு இல்லாமல் அது அவ்வளவு வேகமாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதற்கு நேர் எதிர் 2010 ஆகஸ்டில். ஜெட்புளூ விமானப் பணியாளர் ஸ்டீவன் ஸ்லேட்டர், நியூயார்க்கில் விமானம் தரையிறங்கியதும் ஒலிபெருக்கியிலேயே திட்டிவிட்டு, பீரை எடுத்துக்கொண்டு அவசரகாலச் சறுக்கு வழியாக இறங்கிப் போனார். ஒரே நாளில் உலகமே அவரைக் கொண்டாடியது. அப்புறம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அந்தச் சறுக்குக்காக நிறுவனத்துக்கு 10,000 டாலர் கட்ட வேண்டி வந்தது. கைதட்டியவர்கள் யாரும் பங்கு போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

உங்களுக்குப் பொருந்துவது எது என்று கேட்டால், இரண்டும் இல்லை, 1957இல் ஷாக்லியை விட்டுப் போன எட்டுப் பேர் என்பேன். வில்லியம் ஷாக்லி டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் வாங்கியவர், மேலாளராக சகிக்க முடியாதவர். ஆய்வகத்தில் ஒரு பெண்ணின் கையில் ஏதோ குத்திவிட்டது என்பதற்காக ஊழியர்களைப் பொய் கண்டறியும் சோதனைக்கு அனுப்பப் பார்த்தவர். அவர்களில் பலர் முதலில், வேலையில் இருக்கும்போதே, பணம் போட்ட ஆர்னால்ட் பெக்மனிடம் போய் முறையிட்டார்கள். நடக்கவில்லை. எட்டுப் பேரும் சேர்ந்து விலகி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதில் இருந்த நாய்சும் மூரும்தான் 1968இல் இன்டெலைத் தொடங்கினார்கள். இதில் நான் பார்ப்பது ஒன்றுதான்: தனியாகப் போகவில்லை, எட்டுப் பேராகப் போனார்கள். எதிர்ப்பக்கம் கேட்ட எட்டும் இந்த எட்டும் ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனாலும் எண்ணிப் பாருங்கள்.


தலைப்பேசி:

எல்லோரும் சாமியார் மாதிரி பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். கோபத்தில் விலகுவது தப்பே இல்லை. சில இடங்களை விட்டு நிதானமாக வெளியே வரவே முடியாது, ஏனென்றால் நிதானமாக யோசிக்கும்போதெல்லாம் வாடகை நினைவுக்கு வரும். என்னை வெளியே தள்ளியது கோபம் மட்டும்தான், அதற்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

வாடிக்கையாளர் அழைப்பு எடுக்கிற வேலை. கழிப்பறைக்குப் போனால்கூட ஒரு தாளில் பெயர், வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம் எழுத வேண்டும். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் மாலையில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுவார் எங்கள் மேற்பார்வையாளர். எனக்கு அப்போது உடம்பு சரியில்லாத மாதம். ஒரு நாள் "ஒன்பது நிமிடம்" என்று என் பெயரைப் படித்தார், படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் எழுந்து போய் அந்தத் தாளில் என் பெயரை எழுதினேன், வெளியே: 4.10 என்று எழுதினேன். உள்ளே என்ற கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. அந்தத் தாளை யாரோ படம் எடுத்து வைத்திருந்தார்கள், இரண்டு வருடம் கழித்து எனக்கே அது வந்து சேர்ந்தது. அதற்கு நடுவில் நாலு மாதம் வேலை இல்லாமல் கஷ்டப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது கதை மாதிரி ஆகிவிடும்.

மேலாளர்கள் மட்டும் சும்மா விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2021இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு வாகனப் பழுதுக்கடை முதலாளி, விலகிப் போனவருக்குத் தர வேண்டிய 915 டாலரை 91,500 ஒரு சென்ட் நாணயங்களாக, எண்ணெய் பூசி, அவர் வீட்டு வாசலில் கொட்டினார். கடைசி அடி அவர் அடித்ததாகத்தான் நினைத்திருப்பார். அரசின் தொழிலாளர் துறை வழக்குப் போட்டு, ஊழியர்களுக்குக் கிட்டத்தட்ட 40,000 டாலர் கொடுக்க வைத்தது. அதனால் மூன்றாம் மாடி சொன்ன சம்பளப் பாக்கி விஷயத்தை மட்டும் கோபமில்லாமல் முடித்துக்கொள்ளுங்கள், மற்றபடி எழுந்து நின்றதற்காக வெட்கப்படாதீர்கள். அம்மாவுக்கு எப்போது சிகிச்சை?


சாய்ந்த நாற்காலி:

எல்லோருக்கும் நன்றி. சிகிச்சை நேற்று முடிந்தது, நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து முதலில் சொன்னது "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்".

எதிர்ப்பக்கம் ஐயா கேட்ட கேள்வியோடு இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த எட்டுப் பேரில் ஒரு அக்கா இருக்கிறார். என் இரவு வேலையைப் பல தடவை தான் வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பியவர். கணவருக்கு வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் அந்த மீட்டிங்கில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் எழுதிய நான்கு பக்கத்தில் "யாரை எப்படி அழவைத்தார்" என்ற பகுதி முழுக்க அவருடைய கதைதான், பெயரோடு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருக்கிறேன். அனுப்பியிருந்தால் மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போய் உட்கார வேண்டியது நான் இல்லை, அவர்.

ஃபோன் செய்தேன். "முதுகெலும்பு" என்று நான் ஆரம்பித்ததுமே, "அதை விடு, அட்டவணையை எந்தக் கோப்பில் வைத்திருக்கிறாய், மூன்று நாளாகத் தேடுகிறோம்" என்றார். அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். முடிக்கும்போது "எனக்கும் வலித்தது தம்பி" என்றார், நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

ராஜினாமாவை இரண்டு வரியில் அனுப்பிவிட்டேன். நான்கு பக்கத்தை இன்னும் அழிக்கவில்லை, அழிக்கப் போகிறேன் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன், பெறுநர் இடத்தை மட்டும் காலி செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாவியைக் கொடுக்கப் போகிறேன். அக்கா கீழே வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.


மூன்றாம் மாடி:

ரசீது!