இழை: 'லிமிடெட் எடிஷன் பிரிண்ட்' தமிழில் என்ன?

ஈசூன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். ஓவியக் காட்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளி காலை கொடுத்தாக வேண்டும். பழைய கையேட்டில் 'வரையறுக்கப்பட்ட பதிப்பு அச்சு' என்றிருக்கிறது. யாரோ தனியார் நிறுவனம் தொடங்கியதுபோல் இல்லை? ஓவியர் தகட்டில் வரைந்து, ஐம்பது தாள் மட்டும் எடுத்து, இடப்பக்கம் பென்சிலால் 7/50 என்று எண்ணிட்டு, வலப்பக்கம் கையெழுத்திடுகிறாரே, அந்தத் தாளுக்குப் பெயர் வேண்டும்.

உட்லண்ட்ஸ் | இரவு 10.15

'அச்சு' வேண்டாம் தம்பி, அது வடமொழி 'அக்ஷம்'. சேரன் இமயத்தில் வில் பொறித்தானே, 'எண்பொறி' என்று வையுங்கள்.

தெம்பனிஸ் | இரவு 10.22

எண்பொறி என்றால் கால்குலேட்டர் என்பான் என் மகன். தேர் அச்சு வேறு, வார்ப்பு அச்சு வேறு, ஐயா. அச்சுவெல்லத்தை என்ன செய்வதாம்?

கிளமெண்டி | புதன், காலை 7.05

பத்து வருடமாக இவற்றை வாங்குகிறவன் சொல்கிறேன். கூடத்தில் 12/30 மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் "ஒரிஜினல் எங்கே?" என்கிறார்கள். ஒரிஜினலே அதுதான்! தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் விரலில் தட்டுப்படும். எண்ணிக்கை முடிந்ததும் தகட்டைக் கீறிவிடுவது வழக்கம். 2002இல் இங்கே சிங்கப்பூரில், ராபர்ட்சன் கீயில் தொடங்கிய எஸ்டிபிஐ (STPI) ஓவிய அச்சுப் பட்டறையில் தாளையே அவர்களாகச் செய்கிறார்கள். ஆகவே 'நகல்', 'பிரதி' கூடாது. ஒருமுறை ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) 400 வெள்ளி கொடுத்து வாங்கியது, கணினி அச்சில் எடுத்து எண்ணிட்ட படம். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்ததால் வந்த வினை. 'ஓவிய ஒற்று' எப்படி?

தெம்பனிஸ் | காலை 7.31

வேண்டவே வேண்டாம். ஒற்று மிகுமா மிகாதா என்று இன்னொரு இழை தொடங்கிவிடும்.

உட்லண்ட்ஸ் | பகல் 1.10

'படி'? மை படிவதால் படி. படிமமும் அதன் வழிதான். தொல்காப்பியப் பாயிரத்திலேயே 'பல்புகழ் நிறுத்த படிமையோன்' உண்டு.

தெம்பனிஸ் | பகல் 1.25

அங்கே படிமை தவவொழுக்கம், ஐயா. '50 படி' என்றால் எனக்கு அம்மாவின் பித்தளைப் படியும் அரிசியும்தான்.

ஈசூன் | வியாழன், இரவு 11.20

'எண்ணிட்ட ஓவிய அச்சு' போடுகிறேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். எண்ணிக்கையில் சேராமல் ஓவியர் தமக்கென ஒதுக்கும் 'ஏ.பி.'க்கு (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) 'ஓவியர் மெய்ப்பு' என்றால் பிழைதிருத்தம் மாதிரி இருக்கிறது. ஆகவே 'ஓவியர் தன்படி'. உட்லண்ட்ஸ் ஐயாவின் 'படி' அதில் வந்துவிட்டது.

கிளமெண்டி | இரவு 11.48

எண்தானே அந்தக் கடைக்காரரும் இட்டார்? உங்கள் சொல்லில் அவர் படமும் அடங்கும், தம்பி.

உட்லண்ட்ஸ் | வெள்ளி, காலை 6.02

'அச்சு' ஏறியதற்கு என் மறுப்பைப் பதிவு செய்க.